கொங்கு நாட்டு மாணவ இசைக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பி தங்கைகளுக்கு,

பாட்டுக்கு வீடியோ எடுக்கலாம் என்றதும் மலை, அணை, ரயில் தடம், மொட்டைமாடி என்று ஏழெட்டு இடம் எழுதிவிடுகிறீர்கள். பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். மீதியை உச்சிவெயிலில், கண்ணுக்குக் கீழே கருநிழலோடு எடுப்பீர்கள். நான்கு நிமிடப் பாட்டுக்கு மூன்று இடம் தாராளம். அவற்றை வெயிலின் போக்குப்படி அடுக்குங்கள்.

கோவைக்கு மேற்கே மலை, கிழக்கே சமவெளி. காலை வெயில் தொண்டாமுத்தூர், ஆலாந்துறைப் பக்கத்து மலைமுகத்தில் நேராக விழும். மாலையில் அங்கே போனால் பொன்வெயில் வரும் முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, நிழல் கட்டிவிடும். எனவே காலையில் அடிவாரம், நடுப்பகலில் சோமனூர்த் தறிக்கூடம், மாலையில் காங்கேயத்துக் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி, தனித்து நிற்கும் வெள்வேல மரம், தடையில்லாத அடிவானம். கடைசி வெளிச்சம்வரை எடுக்கலாம். ஆடியில் மட்டும் யோசியுங்கள். அம்மியே பறக்கும் காற்றில், வெளிச்சத்தைத் திருப்ப நீங்கள் பிடிக்கும் தெர்மகோல் எம்மாத்திரம்? லைட் ஸ்டாண்டுக்கெல்லாம் மணல்மூட்டை கட்டியே ஆக வேண்டும்.

தறிக்கூடத்தில்தான் அதிகம் சொதப்பும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா நொடிக்கு 60 பிரேமிலும் ஷட்டர் 1/60 நொடியிலும் இருந்தால் பழைய டியூப்லைட்டுக்கடியில் படம் துடிக்கும். மெனுவில் 50 ஹெர்ட்ஸுக்கான பி.ஏ.எல். (PAL) முறையைத் தேர்ந்தெடுத்து, 25 பிரேமுக்கு 1/50, 50 பிரேமுக்கு 1/100 வையுங்கள். சன்னல் வெளிச்சம் போதுமானால் டியூப்லைட்டை அணைத்துவிடுவது இன்னும் நல்லது. இரண்டும் கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் பச்சை தட்டும். அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள், பஞ்சு சென்சாரில் ஒட்டும். தறிச் சத்தத்தில் ஸ்பீக்கர் கேட்காது; பாடுபவருக்கு முடிக்குள் மறைத்து இயர்போன் கொடுங்கள். ஸ்லோமோஷனில் உதட்டசைவு பாட்டோடு ஒட்ட வேண்டுமென்றால் பாட்டை இரட்டை வேகத்தில் ஓட்டி, அதற்கேற்பப் பாடவைத்து 50 பிரேமில் எடுத்து, 25-இல் ஓட்டுங்கள். துப்பட்டா, கிட்டார் வார், கூந்தல் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டுங்கள். ஓடும் தறிக்குப் பக்கவாட்டில் யாரும் நிற்க வேண்டாம், ஊடை நூலை இழுத்து ஓடும் நாடா தெறிக்கும்.

வெளியே வெயிலில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்திறன்) 800, ஷட்டர் 1/50, லென்ஸ் துளை எஃப் 2.8 என்றால் ஏறத்தாழ 9 ஸ்டாப் வெளிச்சம் மிஞ்சும்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு. லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கருங்கண்ணாடியான என்.டி. ஃபில்டரில் 64 அதில் 6-ஐத்தான் குறைக்கும். 9-ஐயும் குறைக்கும் என்.டி. 512 இல்லாவிட்டால், 64-ஐயே மாட்டி, துளையைச் சுருக்கி எஃப் 8-க்குப் போங்கள். பின்னணி மங்கலாகாது, அவ்வளவுதான். ஷட்டரை ஏற்றிச் சமாளித்தால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். கிட்ட எடுக்கும் முகங்களுக்கு மேலே ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துப் பிடித்தாலே நிழல் இளகிவிடும்.

நிறத்தை ஊரிலிருந்தே எடுங்கள். செம்மண்ணும் கிளுவைச் சாம்பலும் இருக்கிற காட்டில் பவானி ஜமக்காளத்தின் சிவப்புப் பட்டை ஒன்று போதும், கண் அங்கேதான் போகும். பொடிக்கட்டம் போட்ட சட்டை வேண்டாம்; கேமராவில் அலையலையாய் நெளியும். பி.ஏ.பி. எனும் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம் நான்கு மண்டலங்களுக்கு முறைவைத்து வருவதால், போன மாதம் பச்சையாகப் பார்த்த காடு இந்த மாதம் காய்ந்து கிடக்கலாம். படப்பிடிப்புக்கு முந்தின வாரம், எடுக்கப்போகும் அதே மணிக்குப் போய் செல்போனில் படம் பிடித்து வாருங்கள். தோட்டத்துக்காரரிடம் அன்றே கேட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் இளநீரும் கிடைக்கும்.

ரயில் தடத்தை விட்டுவிடுங்கள். அனுமதியின்றி நுழைந்தால் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி 6 மாதம்வரை சிறை. டிரோனுக்கும் கவனம்: பீளமேடு விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் இரண்டும் இந்த வழியில்தான். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர்வரை தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம், முன் அனுமதி தேவை. டிரோன் பறக்கும் மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.

தறி நிறுத்திவைக்கிற நேரத்துக்கு உண்டான கூலியை முன்கூட்டியே பேசி, பட்ஜெட்டின் முதல் வரியில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோவை, திருப்பூர் வட்டாரத்து ஒளிப்பதிவாளர்கள் சிலர்