செயலாளர் ஆண்டறிக்கை 2023–24: பழுது நோட்டிலிருந்து

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் மாடல் ரயில் சங்கத்தின் 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

முதலில் இரங்கல். நம் மூத்த உறுப்பினர், எல்லோருக்கும் ‘பெரம்பூர் அண்ணன்’, ஜூலை மாதம் காலமானார். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியதோடு சரி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில நாள் கழித்து அண்ணி என்னை அழைத்து ஒரு செருப்பு டப்பாவைக் கொடுத்தார். உள்ளே ஒரு மாடல் டேங்க் எஞ்சினும் (தண்ணீர்த் தொட்டி எஞ்சின் மேலேயே இருக்கும் வகை), கோடு போட்ட ஒரு நோட்டும் இருந்தன. எஞ்சினைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாதந்தோறும் இரண்டாவது ஞாயிறு கூடினோம். இடம், வழக்கம்போல வில்லிவாக்கம் உறுப்பினர் வீட்டு மொட்டை மாடி அறை. டிசம்பரில் மட்டும் கூட்டம் நடக்கவில்லை. ஆகஸ்டில் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இ.ஐ.ஆர். (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21 நீராவி எஞ்சினைப் பழுது பார்த்து 2010-ல் மறுபடி ஓடவிட்டது நம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். அதே ஊரில் இருந்துகொண்டு, இருபது வருடம்கூட ஆகாத பொம்மை எஞ்சினை “இனி அவ்வளவுதான்” என்று அலமாரியில் வைத்துவிடுகிறோமே என்று திரும்பி வரும்போது வேனில் ஒருவர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எல்லார் வீட்டிலும் அப்படி ஒன்றிரண்டு இருக்கிறது.

புதிதாக வாங்கலாம் என்றால் விலை தெரிந்ததுதான். நாம் ஓட்டுவதில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. கஸ்டம்ஸுக்கு மாடல் ரயிலும் கிலுகிலுப்பையும் ஒன்றுதான். ஆகவே இந்த ஆண்டு செயற்குழு எடுத்த ஒரே உருப்படியான முடிவு, ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் இரண்டு மணி நேரம் பழுது பார்ப்பது, அதை நோட்டில் எழுதுவது. முறை அண்ணனுடையது. அவருடைய நோட்டில் இப்படித்தான் இருக்கிறது: எஞ்சின், வந்தபோது என்ன கோளாறு, திறந்தபோது என்ன இருந்தது, என்ன செய்தேன். முக்கால்வாசிப் பக்கங்களில் ஒரே வாசகம்: “எண்ணெய் அதிகம். துடைத்தேன். ஓடியது.”

நம் நோட்டில் ஆகஸ்ட் முதல் மார்ச் வரை நாற்பத்து மூன்று பதிவுகள். படித்துப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. உண்மையில் மோட்டார் எரிந்தது, பல்சக்கரம் உடைந்தது என்று வந்தவை குறைவு. பாதிக்கு மேல் நாமே கெடுத்தவை. அதிலும் எண்ணெய்தான் முதல் குற்றவாளி. எஞ்சின் கத்துகிறது என்றால் ஒரு சொட்டு, நின்றால் இரண்டு சொட்டு, அப்படியும் நகரவில்லை என்றால் தாராளமாக. அந்த எண்ணெய் அச்சு வழியாகக் கம்யூட்டேட்டருக்கு, அதாவது மோட்டார் அச்சில் கரண்ட் வாங்கும் செப்பு வளையத்துக்குப் போகிறது. அதன்மேல் உரசும் பிரஷ் என்ற கரித்துண்டிலிருந்து உதிரும் தூளோடு குழைந்து, செப்புத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் சன்னமான பள்ளங்களை அடைக்கிறது. கரி மின்சாரம் கடத்தும். மோட்டார் சூடாகி, கறுத்து, முனகுகிறது. நாமோ இன்னொரு சொட்டு விடுகிறோம்.

மார்கழியில் வந்த ஒரு டீசல் எஞ்சினை இங்கே சொல்லியாக வேண்டும். காலையில் ஓடாது, மதியத்துக்கு மேல் நன்றாக ஓடும். டீகோடர் (கன்ட்ரோலரின் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் சின்ன சர்க்யூட்) கோளாறு, சோல்டர் விட்டிருக்கிறது என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். கீழ் மூடியைக் கழற்றியதும் அறை முழுக்கச் சமையலறை வாசனை. தேங்காய் எண்ணெய்! 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் சமாசாரத்தைப் பல்சக்கரப் பெட்டியில் ஊற்றியிருக்கிறார் நம் உறுப்பினர். பெயர் சொல்லப்போவதில்லை, முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருப்பவர்தான். பிளாஸ்டிக்கைப் பாதிக்காத மெல்லிய எண்ணெயை இன்சுலின் ஊசியில் எடுத்து, அச்சு முனைக்கு ஒரு துளி வையுங்கள். துளி என்றால் ஊசி நுனியில் தொங்குவது, விழுவது அல்ல. கம்யூட்டேட்டருக்கு எண்ணெயே கூடாது. அந்தப் பள்ளங்களைப் பல்குத்தும் குச்சியால் கீறி, ஐ.பி.ஏ. (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும்.

ஐ.பி.ஏ. என்றதும் இன்னொன்று. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமான சானிடைசரைத் தண்டவாளம் துடைக்கப் பயன்படுத்தியவர்கள் மூன்று பேர். அதில் கைக்காகக் கிளிசரின் சேர்த்திருப்பார்கள். துடைத்த அன்று பளபள, மறுவாரம் பிசுபிசு. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் 99 சதவீத ஐ.பி.ஏ. லிட்டர் கணக்கில் கிடைக்கிறது, பங்கு போட்டு வாங்கிக்கொள்ளலாம். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அது போடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு உட்காரும்.

எஞ்சினைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியதைச் செப்டம்பர் கூட்டத்தில் செய்து காட்டினோம். டிஷ்யூ பேப்பரை ஐ.பி.ஏ.யில் நனைத்துத் தண்டவாளத்தின் மேல் விரிக்க வேண்டும். எஞ்சினின் ஒரு பக்கத்துச் சக்கரங்கள் அல்ல, முன்பாதிச் சக்கரங்கள் பேப்பர் மேலும், பின்பாதிச் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்திலும் இருக்கும்படி கையால் பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுக்க வேண்டும். பின்சக்கரம் கரண்ட் எடுக்க, முன்சக்கரம் பேப்பரில் சுழன்று கறுப்புக் கோடு போடும். பிறகு திருப்பிப் பிடிக்க வேண்டும். அன்று ‘மோட்டார் போச்சு’ என்று வந்த ஐந்து எஞ்சின்களில் மூன்று, மூடி திறக்காமலே வீட்டுக்குப் போயின.

அக்டோபரில் நவராத்திரி. நம் சங்கத்தின் பெயர் வெளியே தெரிவதே கொலு பார்க்கினால்தான், அதனால் வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் பழுது நோட்டில் மிக மோசமான இரண்டு பக்கங்கள் அந்த ஒன்பது நாள்தான். பார்க்கில் முளைகட்டப் போட்ட கேழ்வரகுக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கிறோம், தண்டவாளமும் சேர்ந்து நனைகிறது. சுற்றி மணல். அந்த மணலில் இருக்கும் கறுப்பு இரும்புத்துகள் மோட்டார் காந்தத்துக்கு அல்வா மாதிரி. போய் ஒட்டிக்கொண்டால் ஊதினாலும் வராது; ஒட்டும் களிமண்ணை உருட்டி ஒற்றி எடுக்க வேண்டும். கோலமாவு பல்சக்கரத்துக்குள் போனால் அரம் போட்ட மாதிரி தேய்த்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, சுண்டல் வாங்க வரும் கடைசிக் குழந்தை போகும்வரை நிற்காமல் மூன்று மணி நேரம் ஓட்டம். அடுத்த கொலுவுக்கு இரண்டு எஞ்சின்களை முறை வைத்து ஓட்டலாம், தண்டவாளத்தை மணலுக்கு மேலே ஒரு தர்மாகோல் மேடையில் போடலாம் என்று செயற்குழு யோசனை வைக்கிறது. சில மாமிகள் ஒத்துக்கொள்ளவில்லை, மணலில் போட்டால்தான் நிஜம் மாதிரி இருக்கிறதாம்.

பிறகு மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த மழையில் நம் உறுப்பினர்கள் பலர் வீட்டில் தண்ணீர் புகுந்தது. அந்த நேரத்தில் எஞ்சினைப் பற்றிப் பேசியது யாருமில்லை, பேசியிருந்தால் வீட்டில் அடி விழுந்திருக்கும். கரண்ட் வந்து, வீடு கழுவி முடித்த பிறகுதான் கொளத்தூர் உறுப்பினர் பீரோவின் கடைசித் தட்டைத் திறந்திருக்கிறார். பதினொரு எஞ்சின்கள். டப்பாவுக்குள் இருந்த ஸ்பாஞ்ச், தண்ணீரைக் குடித்து எஞ்சினைக் கட்டிப்பிடித்தபடி இருந்தது. அவர் செய்த நல்ல காரியம் ஓடுகிறதா என்று பார்க்கக் கரண்ட் கொடுக்காதது. செய்யவிருந்த தப்பு, ஹேர் டிரையர். சூட்டில் பிளாஸ்டிக் பாடி கோணிவிடும், சேறும் பல்லிடுக்கில் செங்கல்லாகும்.

நான்கு பேர் அவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். முதலில் குழாய்த் தண்ணீரில் சேறு போகக் கழுவல். பிறகு பாடி, மோட்டார், போகி (சக்கரத் தொகுதி) எல்லாம் தனித்தனியாகப் பிரித்து, எஞ்சினுக்கு ஒரு டிபன் பாக்ஸ் மூடி. மூடி மாறினால் ஸ்க்ரூவும் மாறும். அப்புறம், கார் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஓர் அலசு, அதன் மேல் ஐ.பி.ஏ.யில் ஓர் அலசு. ஐ.பி.ஏ. தண்ணீரைத் தன்னோடு கலந்து வெளியேற்றிக்கொண்டு ஆவியாகிவிடும். அதற்குமேல் இரண்டு நாள் மின்விசிறிக் காற்று. பதினொன்றில் எட்டு ஓடுகின்றன. இரண்டில் மூடிய மோட்டாருக்குள் துரு ஏறி அச்சு பிடித்துக்கொண்டது, மாற்று மோட்டார் தேட வேண்டும். ஒன்றில் டீகோடர் போய்விட்டது. அட்டை டப்பாக்கள் எல்லாம் கூழ். இனி யாரும் எஞ்சினை ஸ்பாஞ்சில் வைக்காதீர்கள். வெள்ளம் வராவிட்டாலும் நம் ஊர் ஈரப்பதத்தில் சில வருடங்களில் அது பிசினாகி பெயிண்டைத் தின்னும். பட்டர் பேப்பரில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, மேல்தட்டில் வையுங்கள்.

டீகோடர் விஷயத்தில் புதிய உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாக வரும் டீகோடர் அநேகமாக எல்லாமே முகவரி 3-ல்தான் வரும், மாற்றாவிட்டால் ஒரே கட்டளைக்கு எல்லா எஞ்சினும் கிளம்பும். ஜனவரிக் கூட்டத்தில் ஒருவர் தன் எஞ்சினை நகர்த்தினால் எதிர்ப் பக்கம் இன்னொருவருடையதும் கிளம்பி இரண்டும் முட்டிக்கொண்டதற்குப் பேய் காரணமல்ல. அதைவிட முக்கியம், பழைய எஞ்சினில் டீகோடர் வைக்கும் முன் மோட்டாரின் இரண்டு பிரஷ்களும் சேசிஸை, அதாவது எஞ்சினின் உலோக அடிச்சட்டத்தைத் தொடவில்லை என்று மல்டிமீட்டரால் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் வைத்தவர் கேட்டது ஒரு ‘டப்’. அவரும் இந்த அறையில்தான் இருக்கிறார்.

இப்போது அண்ணனின் டேங்க் எஞ்சின். இங்கிலாந்தில் செய்தது, ஆறு சக்கரம், உள்ளே எக்ஸ்.04 என்ற பழைய திறந்த மோட்டார். தள்ளிவிட்டால் ஓடும், நிறுத்தினால் கிளம்பாது, பிரஷ்ஷில் நீலமாகப் பொறி பறக்கும். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு என் மேஜையில் பிரித்தேன். ஆர்மேச்சரை (சுருள் சுற்றிய, சுழலும் பகுதி) வெளியே எடுத்தால் அந்தக் காலத்து அல்நிகோ காந்தம் பலம் குறையும் என்பதால், எடுத்த கையோடு அந்த இடைவெளியில் ஓர் இரும்புத் துண்டைச் செருகினேன். கம்யூட்டேட்டரில் மூன்று செப்புத் துண்டுகள். இரண்டிரண்டாகத் தொட்டு மின்தடை பார்த்தேன். மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு ஒன்றாக இருந்தன, மூன்றாவது சரியாக இரண்டு மடங்கு. ஒரு சுருளின் முனை எங்கோ விட்டிருக்கிறது. பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டு அண்ணனின் நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் ஏற்கனவே எழுதியிருந்தார்: “மூன்றாவது ஜோடி இரட்டிப்பு. நுனியில் ஈயம் விட்டிருக்கிறது. கண் தெரியவில்லை.”

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் அதே இடம். தலைமுடி அளவு கம்பி, அது ஒட்டியிருக்க வேண்டிய செப்புத் துண்டின் காதைத் தொட்டும் தொடாமலும் நின்றிருந்தது. எனாமலைச் சுரண்டி, ஒரு நொடி சூடு வைத்து ஒட்டினேன். மூன்று அளவும் ஒன்றாயின. எல்லாம் பூட்டித் தண்டவாளத்தில் வைத்தால் ஒரு துடிப்புமில்லை, கன்ட்ரோலர் மட்டும் ‘டக்’ என்று தானாக அணைந்தது. ஷார்ட். மறுபடி பிரித்தேன், மறுபடி பூட்டினேன், மறுபடி ‘டக்’. இரவு ஒரு மணிக்கு அந்த நோட்டில் அதே பக்கத்தின் ஓரத்தில், கட்டம் போட்டு எழுதியிருந்த ஒரு சொல் கண்ணில் பட்டது: “உறை!!” பிரஷ்களை அழுத்தும் ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும் சின்ன உறை ஒன்று இருக்கும். அந்தப் பக்கம் சேசிஸைத் தொடக் கூடாது என்பதற்கு. நான் கழற்றியபோது அது எங்கோ தெறித்திருக்கிறது. மெல்லிய ஒயரிலிருந்து மூன்று மில்லிமீட்டர் தோலை உரித்து அந்தக் காலில் மாட்டினேன். எஞ்சின் கிளம்பியது. சத்தம் தையல் மெஷின் மாதிரி. வீட்டில் எழுந்து வந்து என்ன நேரம் என்று கேட்டார்கள்.

மார்ச் மாதக் கூட்டத்தில் அண்ணியை அழைத்து ஓட்டிக் காட்டினோம். எஞ்சின் சங்கத்திலேயே இருக்கட்டும், நோட்டு மட்டும் வேண்டும் என்றார். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைக் கொடுத்துவிட்டோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், தணிக்கை முடிந்துவிட்டது. சந்தா பாக்கி உள்ளவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் நழுவ வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சக்கரங்களின் உள்பக்க இடைவெளி பார்க்க அண்ணன் பித்தளையில் கடைந்து கொடுத்த 14.5 மில்லிமீட்டர் கேஜை நவம்பரில் யாரோ இரவல் வாங்கிப் போனார்கள். இரவல் நோட்டில் கையெழுத்து இருக்கிறது, எழுத்துத்தான் புரியவில்லை. அடுத்த ஞாயிறு கொண்டுவந்து மேஜையில் வைத்துவிடுங்கள். யார் என்று கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர்