அந்த 'ஆனா'வைக் காது கொடுத்துக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சியாபு (மெத்தாம்ஃபெட்டமின்) என்ற போதைப்பொருள் பழகிய பதினாறு வயதுப் பையன் "விடணும்னுதான் இருக்கு, ஆனா..." என்று இழுத்தால் நம் தோட்டத்து வீடுகளில் சூடம் கொளுத்திச் சத்தியம் வாங்கிவிடுகிறார்கள். நாலாம் நாள் சத்தியம் உடையும். அந்த வெட்கத்திலேயே பையன் வீட்டுப்பக்கம் தலைகாட்ட மாட்டான்.

சத்தியத்துக்குப் பதில் ஒரு கேள்வி போதும். "விடணும்ங்கிற எண்ணம் பத்துக்கு எவ்வளவு இருக்கு?" மூன்று என்பான். "மூணுதானா?" என்று கேட்டால் விட முடியாததற்குக் காரணம் அடுக்குவான். "சைபர்னு சொல்லாம எப்படி மூணு சொன்னே?" என்று கேட்டுப் பாருங்கள். மோட்டாரை அடகு வைத்தது, தங்கச்சி கிட்ட வரப் பயப்படுவது எல்லாம் அவன் வாயாலேயே வரும். வந்ததை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். மேலே ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

ஹெராயினுக்கு மலேசியாவில் 2005 முதல் மெத்தடோன் என்ற மாற்று மருந்து தருகிறார்கள். சியாபுவுக்கு அப்படி மாற்று மருந்து இல்லை. நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாள் அடித்துப் போட்டதுபோல் தூங்குவான், எழுந்தால் சோற்றுப்பானை காலியாகும். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து அப்பா "செம்பனை பொறுக்கவாவது போடா" என்று கத்துவார். பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். மூளையில் இன்ப உணர்வைத் தரும் டோப்பமினைச் சியாபு ஒரேயடியாகக் கொட்ட வைத்திருக்கிறது. நிறுத்தியதும் சில வாரங்களுக்குச் சாப்பாடு, பந்து, கைப்பேசி எதுவுமே ருசிக்காது. தூங்க விடுங்கள். கஞ்சி, முட்டை, தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். களைக்கொல்லிப் போத்தல்களைப் பூட்டி, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். சாகலாம்போல் இருக்கிறது என்றாலோ, நெஞ்சு வலித்தாலோ, யாரோ துரத்துவதாக அலறினாலோ 999-ஐ அழையுங்கள். மனம்விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் 'தாலியான் காசே' உதவி எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும்.

காசு கையில் புரளக்கூடாது. வாரக் கடைசியில் ஒட்டுக்கடையில் வேலை செய்தால் சம்பளத்தை அம்மாவிடம் தரச் சொல்லுங்கள். கைப்பேசியில் உள்ள மின்பணப்பையையும் மறந்துவிடாதீர்கள், இப்போது போதை வியாபாரம் அதிலும் நடக்கிறது. கைப்பேசி எண்ணை மாற்றுங்கள். இடையில் ஒருநாள் சறுக்கினால் எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு, யார் காசில் என்று நான்கே கேள்வி. எந்த ஓட்டை தெரிகிறதோ அதை அடையுங்கள்.

ஏ.ஏ.டி.கே. (தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம்) என்றாலே போலீஸ் என்று பலர் நடுங்குகிறார்கள். 1983-ஆம் ஆண்டுச் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின்படி தானே முன்வந்து சிகிச்சை கேட்கலாம். வயது குறைந்தவனுக்காகப் பெற்றோரும் கேட்கலாம். பிடிபட்டுப் போவது வேறு கதை: 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டாண்டு வரை சிறை.

சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களுக்கு ஏ.ஏ.டி.கே.யின் கோலகங்சார் மாவட்ட அலுவலகம் பக்கம். உங்கள் இருவர் அடையாளக் கார்டும் அவன் பிறப்புப் பத்திரமும் எடுத்துக்கொண்டு, அவன் சரி என்ற மறுநாள் காலையே கிளம்புங்கள். திங்கட்கிழமை பார்ப்போம் என்றால் பத்துக்கு மூன்று என்றது ஒன்றாகிவிடும். காரில் போகும்போது புத்திமதி வேண்டாம், வானொலியைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
போதை மறுவாழ்வுத் தொண்டூழியர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.