லெட்டூஸும் உறைபனியும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நடுவில் நெட்டுக்குத்தலாகத் தண்டு எழுந்து நிற்கிறதே, அது பூக்கப்போகும் லெட்டூஸ். கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடியும், இலை கசக்கும். அதை இனி மீட்க முடியாது, பிடுங்கிப் போட்டுவிடு.

வசந்தத்தில் கடைசியாகப் பனி உறையும் நாளை, அதாவது கடைசி உறைபனித் தேதியை, தாண்டட்டும் என்று காத்திருந்து, அதற்கும் இரண்டு வாரம் கழித்து விதைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். தக்காளிக்கு அது சரி. லெட்டூஸ் பனியைவிட வெயிலுக்குத்தான் அதிகம் பயப்படும். பகல் நீண்டு சூடும் ஏறினால் பூக்கக் கிளம்பிவிடும். நீ பத்திரம் என்று நினைத்துக் காத்திருந்த நாட்கள்தான் அதற்கு நல்ல நாட்கள்.

அப்புறம், அந்தத் தேதியே பல வருடக் கணக்கில் எடுத்த ஒரு நடுப்புள்ளி. அதற்குப் பிறகும் பனி விழும். உன் தோட்டம் பள்ளத்தில் இருந்தால் குளிர்காற்று அங்கேதான் வந்து தேங்கும். காற்றில்லாமல் வானம் தெளிந்திருக்கும் இரவில், வானிலை அறிக்கை 2 டிகிரி என்று சொன்னாலும் தரையில் பனி பூத்திருக்கும். உன் மண்ணில் எப்போது பனி படிகிறது என்று நீயே ஒரு நோட்டில் குறித்து வா.

உன் ஊரின் கடைசி உறைபனித் தேதி ஏப்ரல் 30 என்று வைத்துக்கொள். மூன்று வாரம் முந்தி, ஏப்ரல் 9 வாக்கில் நேராக மண்ணில் விதைக்கலாம். மண் 5 டிகிரி இருந்தாலே மெதுவாக முளைக்கும். விதைமேல் கால் அங்குல மண்கூட வேண்டாம், அதற்கு வெளிச்சம் வேண்டும். வீட்டுக்குள் வளர்த்த நாற்று என்றால் ஒரு வாரம் பத்து நாள் பகலில் வெளியே வைத்துப் பழக்கிவிட்டு நடு. அப்படிப் பழகிய நாற்று மைனஸ் 2 டிகிரி வரை தாங்கும். அதற்கும் கீழே போகும் என்று தெரிந்தால் மாலையிலேயே ஒரு துணியைப் போர்த்திவிடு. எல்லா விதையையும் ஒரே நாளில் கொட்டாதே. இரண்டு வாரத்துக்கு ஒரு வரிசை போதும்.

இலையுதிர் கால அறுவடைக்கு, முதல் உறைபனித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும். முதல் உறைபனி அக்டோபர் 10 என்றால், 50 நாளில் தயாராகும் இலை வகைக்கு இன்னொரு 14 நாள் சேர்த்துக்கொள், பகல் குறையக் குறைய வளர்ச்சியும் மந்தமாகும். ஆக, விதைக்கும் நாள் ஆகஸ்ட் 7. உருண்டையாகக் கட்டும் வகைக்கு இன்னும் முந்தி. ஆகஸ்டில் ஒரு தொல்லை: மண் 27 டிகிரிக்கு மேல் போனால் விதை முளைக்காமல் உறங்கிவிடும். மாலையில் விதைத்து, ஈரமாக வைத்து, நிழல் கொடு. வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் முளைக்கவைத்தால் இன்னும் நல்லது.

நான் ஒரு தடவை செய்த கூத்தையும் சொல்கிறேன். பனி விழுந்த விடியலில், இலையெல்லாம் கண்ணாடி மாதிரி நிற்க, கெட்டுப்போகுமே என்று அவசர அவசரமாகப் பறித்தேன். சமையலறைக்குள் கொண்டுவந்த கொஞ்ச நேரத்தில் அத்தனையும் கூழ். தொடாமல் விட்ட செடிகளோ வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காத மாதிரி நிமிர்ந்து நின்றன! உறைந்திருக்கும்போது தொடாதே, பனி முழுக்க உருகட்டும். ஆனால் முற்றிய உருண்டை இளநாற்று அளவுக்குக் குளிர் தாங்காது. கடும்பனி வரும் என்று தெரிந்தால் முந்தின நாளே அறுத்துவிடு. இலை வகையில் வெளி இலைகளை மட்டும் எடு, குருத்தை விட்டால் மறுபடி தழைக்கும்.

நோட்டில் பனி குறித்ததும் முதல் தேதியை எனக்கு எழுது. பார்த்துக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா