ஹீட்டரைக் கழற்றச் சொல்லும் முன்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

தை மாதக் குளிர் தொடங்கினால் கராஜுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே முறைப்பாட்டோடுதான் வருகிறார்கள். "ஹீட்டரைத் திறந்தால் குளிர் காற்றுதான் வருகிறது, வால்வை மாற்றிவிடுங்கள்." மாற்றலாம். ஆனால் கோளாறு, எஞ்சினின் சூடான தண்ணீரை ஹீட்டருக்குத் திறந்துவிடும் அந்த வால்வில்தானா என்று முதலில் பார்த்துவிடுவோம்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஹீட்டருக்குள் காற்று அடைத்துக்கொள்ளும், சூடு வராது. சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே வேண்டாம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். மூடி தாங்கும் அழுத்தம்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது.

மட்டம் சரி என்றால் வண்டியை ஓட்டிச் சூடாக்கிவிட்டு பொனட்டைத் திறங்கள். டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவருக்குள் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் போகும்; ஒன்று ஹீட்டருக்குச் சூட்டைக் கொண்டுபோகும், மற்றது திரும்பி வரும். ஹீட்டர் பிடியைச் சூட்டுப் பக்கம் முழுதாகத் தள்ளிவிட்டு, துணியைச் சுற்றி அவற்றைத் தொட்டுப் பாருங்கள். ஃபேன் பக்கம் சால்வை தொங்கக் கூடாது. வால்வு வரை சூடு, அதைத் தாண்டியதும் குளிர் என்றால் வால்வு திறக்கவில்லை. வால்வைத் தாண்டியும் சூடு போய், திரும்பி வரும் ஹோஸ் மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே ஹீட்டர் கோர், அதாவது காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர், அடைத்திருக்கிறது. வருஷக்கணக்கில் பீலித் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகளில் துரு சேர்ந்து இப்படி ஆகும். கூலன்ட் விலை அதிகம்தான், ஆனால் கோரின் விலையை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்! இரண்டு ஹோஸும் சூடு, காற்று மட்டும் குளிர் என்றால் வால்வைத் தொடவே வேண்டாம். டாஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பும் கதவில்தான் கோளாறு. புதிய கார்கள் பலவற்றில் இந்த வால்வே கிடையாது.

பழைய ஜப்பான் கார்களில் வால்வைத் திறப்பது ஒரு கேபிள். ஒருவர் உள்ளே பிடியை அசைக்கட்டும், நீங்கள் வால்வின் கையைப் பாருங்கள். அது அசையவில்லை என்றால் கேபிள் கிளிப்பிலிருந்து கழன்றிருக்கலாம். அது சின்ன வேலை. சில வண்டிகளில் எஞ்சினின் உறிஞ்சு காற்றோ மின்சாரமோ வால்வைத் திறக்கும். அவற்றை இங்கே கொண்டுவாருங்கள்.

வால்வு மூடாமல் சிக்கினாலும் தொல்லைதான். கொழும்புக்கு இறங்கினால் ஏசி போட்டும் வெக்கை அடங்காது. அப்புறம், ரம்பொட இறக்கத்தில் வெப்பமானி முள் விழுந்துகொண்டே போனால் எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட் திறந்தபடி நின்றிருக்கலாம்; அதற்கும் ஹீட்டர் சூடாகாது.

"ஹீட்டர் எதற்கு, அதை விட்டுவிட்டு இரண்டு ஹோஸையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள்" என்கிறவர்களும் உண்டு. கொழும்பில் ஓடும் காருக்குச் சரி. நானுஓயா வளைவில் மூடுபனிக்குள் முன்கண்ணாடி உள்ளே வேர்த்துவிட்டால் ஒரு கையால் துடைத்துக்கொண்டு எப்படி ஓட்டுவது? கசிவு என்றால் தற்காலிகமாகக் கட்டித் தருவோம், நிரந்தரமாக அல்ல.

காட்ட வருகிறவர்கள் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது வண்டியை விட்டுச் செல்லுங்கள். கேபிள் என்றால் நின்று வாங்கிப் போகலாம். கோர் என்றால் டாஷ்போர்டையே இறக்க வேண்டிவரும். விலையைச் சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகுதான் கை வைப்போம்.

அன்புடன்,
உங்கள் கராஜ்காரர்கள்,
நுவரெலியா