ஒரே செப்டம்பரில் பட்டம் வென்ற இரண்டு பெண்கள்

சென்னை

அன்புள்ள கண்ணம்மா,

துனிசியாவின் மொனாஸ்டிரிலிருந்து நீ அனுப்பிய மின்னஞ்சலை நானும் அப்பாவும் படித்தோம். அங்கே டென்னிஸ் போட்டியின் முதல் சுற்றில் தோற்றதைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. மீதி முழுவதும், உன்னோடு ஜூனியர் ஆடியவர்களில் யார் யார் இப்போது தரவரிசையில் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கு. கடைசியில், அடுத்த ஆண்டுக்குள் முதல் ஐந்நூறு பேருக்குள் வராவிட்டால் இந்த ஆட்டம் உனக்குச் சரிப்படாது என்று முடிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். அப்படி முடிவு செய்யக் கூடாது என்பதுதான் என் பதில். அம்மா ஆறுதலுக்காகச் சொல்கிறாள் என்று நீ ஒதுக்கிவிடுவாய் என்பதால், ஏன் சொல்கிறேன் என்பதையும் விளக்கமாகவே எழுதுகிறேன்.

2022 செப்டம்பர் 18 அன்று நுங்கம்பாக்கம் அரங்கில் நாம் பார்த்த சென்னை ஓபன் இறுதி ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். செக் நாட்டின் லிண்டா ஃப்ருவிர்டோவாவுக்கு அப்போது வயது 17. எதிரே நின்ற போலந்தின் மக்தா லினெட்டுக்கு 30. முதல் செட்டை இழந்து, மூன்றாவது செட்டில் லிண்டா 1-4 என்று பின்தங்கியபோது, கூட்டம் கலைவதற்குள் கிளம்பிவிடலாமா என்று கேட்ட என்னை நீ கையைப் பிடித்து உட்கார வைத்தாய். அதற்குப் பிறகு லினெட்டுக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை. தொடர்ச்சியாக ஐந்து கேம்களை எடுத்து, 4-6, 6-3, 6-4 என்ற கணக்கில் தம்முடைய முதல் டபிள்யூ.டி.ஏ. (பெண்களின் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டிகள்) பட்டத்தை லிண்டா நம் ஊரில் வென்றார். வீடு திரும்பும் வழியெல்லாம், பதினேழு வயதில் இப்படி ஆட முடியுமென்றால் தனக்கு இன்னும் எத்தனை நாள் மிச்சமிருக்கிறது என்று நீ விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாய்.

அதற்கு எட்டு நாள் முன்பு, செப்டம்பர் 10 அன்று, நியூயார்க்கில் இன்னொரு பெண் பட்டம் வென்றிருந்தார். பிலிப்பைன்ஸின் அலெக்சாண்ட்ரா ஈலா. அமெரிக்க ஓபன் ஜூனியர் ஒற்றையர் பட்டம். இருவரும் பிறந்தது ஒரே ஆண்டில், ஒரே மாதத்தில், 2005 மே. பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்காகப் பிரான்சின் தார்ப் நகரில் நடக்கும் புகழ்பெற்ற போட்டியை 2018இல் ஈலாவும் 2019இல் லிண்டாவும் வென்றிருந்தார்கள். ஆக, 2022 செப்டம்பரில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், ஒருவர் பெரியவர்களின் பட்டத்தை வென்று முதல் நூறு பேருக்குள் நுழைந்துவிட்டார், மற்றவர் இன்னும் ஜூனியர் கோப்பையோடு நிற்கிறார் என்றுதான் எவரும் சொல்லியிருப்பார்கள். நீ இப்போது உன் தோழிகளோடு உன்னை ஒப்பிட்டுப் பார்ப்பதும் இதே முறையில்தான்.

பிறகு நடந்ததைப் பார். லிண்டா 2023இல் ஆஸ்திரேலிய ஓபனில் நான்காவது சுற்று வரை போனார், அந்த ஆண்டு ஜூனில் 49ஆம் இடத்தைத் தொட்டார், 2024இல் முதல் நூறு பேருக்கு வெளியே வந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இருபது வயதைத் தொட்ட ஒரு பெண்ணின் ஆட்டத்தை முடிந்த கதையாகப் பேசுவது அபத்தம். அவர் திரும்பி மேலே வந்தால் நான் கொஞ்சமும் வியக்க மாட்டேன்.

ஈலாவின் வழிதான் நீ ஊன்றிப் படிக்க வேண்டியது. மணிலாவில் தாத்தா கற்றுக்கொடுத்த ஆட்டத்தோடு, பதின்மூன்றாவது வயதில் பெற்றோரை விட்டு ஸ்பெயினின் மயோர்கா தீவிலுள்ள நடால் அகாடமிக்குப் போனவர். (அந்த வயதில் உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பும் துணிச்சல் எனக்கு இருந்திருக்காது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.) ஜூனியர் தரவரிசையில் உலகின் இரண்டாம் இடம் வரை ஏறினார். 2021 ஜனவரியில், இன்னும் ஜூனியராக இருந்தபோதே, அதே தீவின் மனாகோரில் ஒரு டபிள்யூ 15 போட்டியை, அதாவது பெண்களுக்கான தொழில்முறைப் போட்டிகளில் ஆகக் கீழ்ப்படியிலுள்ள ஒன்றை, வென்றார். நீ இப்போது ஆடிக்கொண்டிருப்பதும் அதே படிதான். அதிலிருந்து 2024 ஜூலையில் ஸ்பெயினின் விதோரியாவில், அதே வரிசையில் உயர்ந்த படியான டபிள்யூ 100 பட்டம் வெல்லும் வரை, மூன்றரை ஆண்டுகளில் அவர் எடுத்த ஐ.டி.எஃப். (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் இந்தப் படிநிலைப் போட்டிகள்) ஒற்றையர் பட்டங்கள் மொத்தம் ஐந்து. அதே 2024இல் பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் மூன்றிலும் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் வரை வந்து தோற்றார். விம்பிள்டன் வாசலில் அவரைத் தடுத்த லுலு சன், பிரதான சுற்றில் காலிறுதி வரை போனார். இன்னும் ஒரே ஓர் ஆட்டம் வென்றிருந்தால் போதும் என்ற நிலையில் ஒரே ஆண்டில் மூன்று முறை திரும்பிப் போக வேண்டியிருந்த அந்தப் பெண்ணுக்கு அப்போது பத்தொன்பது வயது, ஏறக்குறைய உன் வயது.

2025 மார்ச்சில் மயாமி ஓபனுக்கு வைல்டு கார்டில் (தரவரிசை போதாதவர்களுக்கு ஏற்பாட்டாளர்கள் தரும் சிறப்பு இடம்) வந்தபோது அவருடைய இடம் 140. அங்கே முன்னாள் பிரெஞ்சு ஓபன் சாம்பியன் ஆஸ்டபென்கோ, அந்த ஆண்டின் ஆஸ்திரேலிய ஓபன் சாம்பியனான மேடிசன் கீஸ், ஐந்து கிராண்ட் ஸ்லாம் வென்றிருந்த ஷ்வியான்டெக் என்று மூவரையும் ஒரு செட்கூடக் கொடுக்காமல் வென்று அரையிறுதிக்குப் போனார். ஷ்வியான்டெக்கோடு நடந்த ஆட்டத்தை நீ மறுபடியும் பார்க்க வேண்டும். எதிராளியின் இரண்டாவது சர்வுக்கு அவர் பின்னால் நகர்ந்து நிற்கவே இல்லை. கோட்டுக்கு உள்ளேயே நின்று, பந்து எழும்பும்போதே இடது கையால் அடித்துத் திருப்பினார். அந்தத் துணிச்சல் ஒரு வாரத்தில் வந்திருக்க முடியாது. பார்க்க ஆளில்லாத கோர்ட்டுகளில், பல போட்டிகளில் தோற்றுத் தோற்றுப் பழகியதால் வந்தது. அந்த அரையிறுதிக்கு 390 புள்ளிகள். டபிள்யூ 15 போட்டியை வென்றால் கிடைப்பது 15 புள்ளி; அதாவது இருபத்தாறு பட்டங்களின் புள்ளிகள் ஒரே போட்டியில் வந்துவிட்டன. அடுத்த தரவரிசைப் பட்டியலில் அவர் 75ஆம் இடத்தில் இருந்தார். முதல் நூறு பேருக்குள் வந்த முதல் பிலிப்பைன்ஸ் பெண் அவர்தான். நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகப் படிப்படியாக ஊர்ந்த எண் இரண்டே வாரங்களில் பாதியானது என்றால், நீ வாரம்தோறும் திங்கட்கிழமை விழித்ததும் பார்க்கிற அந்த எண் உன் ஆட்டத்தின் வளர்ச்சியை அந்தந்த வாரத்திலேயே சொல்லிவிடும் என்று எப்படி நம்புவது?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய போட்டிகளில் வைல்டு கார்டு கேட்டுப் பெறும் செல்வாக்கு, ஸ்பான்சர், பெயர்பெற்ற அகாடமி எல்லாம் ஈலாவுக்கு இருந்தன. நமக்கு அவை இல்லை. ஆகவே உனக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவே நாளாகும் என்று நினைத்துக்கொள்.

உன்னுடைய கடைசி மூன்று ஆட்டங்களையும் இணைய ஒளிபரப்பில் பார்த்தேன். ஜூனியரில் நீ நாலைந்து பந்துகளை ஆழமாகத் திருப்பிப் போட்டால் எதிராளி பொறுமை இழந்து வெளியே அடித்துவிடுவாள். நீ வென்ற பாதி ஆட்டங்கள் அப்படி வந்தவை. அங்கே உனக்கு எதிரே நிற்பவர்களில் சிலருக்கு இருபத்தெட்டு, முப்பது வயது. வீட்டு வாடகைக்காக ஆடுகிறவர்கள். அவர்களுக்குப் பொறுமை போகாது. உன் இரண்டாவது சர்வ் விழும் இடம் அவர்களுக்கு இரண்டாவது கேமிலேயே தெரிந்துவிடுகிறது. பேக்ஹேண்டுக்கே போடுகிறாய், அதுவும் மெதுவாக. அதைச் சரிசெய்ய ஆறு மாதம் பிடிக்கும், அந்த ஆறு மாதமும் டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறிப் புள்ளி போவது) கூடும், தோல்வியும் கூடும் என்று உன் கோச் சொன்னதாக நீயே எழுதியிருக்கிறாய். தரவரிசைக்குக் கெடு வைத்துக்கொண்டால் நீ அந்த சர்வைத் தொடவே மாட்டாய். எனக்குக் கெடுவின் மேல் உள்ள முக்கியமான கோபம் இதுதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் முழு உதவித்தொகையைப் பற்றி, அதை ஏற்றால் தோற்றுப்போய் ஒதுங்கியதாக ஊர் பேசும் என்று எழுதியிருந்தாய். அமெரிக்காவின் எம்மா நவாரோ 2019இல் பிரெஞ்சு ஓபன் ஜூனியர் இறுதிவரை போனவர். நேராகப் பெரியவர்களின் போட்டிகளுக்கு வராமல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 2021இல் கல்லூரி ஒற்றையர் பட்டத்தை வென்று, அதன் பிறகே முழுநேரமாக ஆட வந்தார். 2024இல் அமெரிக்க ஓபன் அரையிறுதி, தரவரிசையில் எட்டாம் இடம் வரை உயர்வு. ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டியோ 2011இல் பதினைந்து வயதில் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்று, 2014இல் ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு கிரிக்கெட் ஆடப் போனவர். 2016இல் திரும்பி வந்து 2019இல் பிரெஞ்சு ஓபனை வென்றார். ஊர் பேசுவதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. நீ பதினெட்டு வயதுக்குட்பட்டோர் மாநிலப் பட்டம் வென்றபோது படிப்பு கெட்டுவிட்டது என்று பேசிய அதே ஊர்தான்.

என் விருப்பத்தைக் கேட்டால், கல்லூரிக்குப் போ என்பேன். உனக்கு வாரம் முழுக்க ஒரே இடத்தில் இருந்து சர்வை மாற்றிக்கொள்ள நேரம் வேண்டும், உடன் பயிற்சி செய்ய ஆள் வேண்டும், பிசியோ வேண்டும். தனியாக ஓட்டல் அறையில் அடுத்த போட்டிக்கு டிக்கெட் தேடிக்கொண்டிருக்கும் வாழ்க்கையில் இவை கிடைக்கவில்லை. அப்பாவின் எண்ணம் வேறு. இன்னும் ஓர் ஆண்டு இப்படியே ஆடிப் பார்க்கட்டும் என்கிறார். இருவரும் ஒத்துப்போகிற விஷயம், முடிவு உன்னுடையது என்பதும், எந்த முடிவிலும் பணத்தை ஒரு காரணமாக வைக்கக் கூடாது என்பதும்தான். இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கான செலவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். கடன் எதுவும் வாங்கவில்லை. வீட்டையும் அடகு வைக்கவில்லை. அத்தை சொன்னதை நம்பாதே.

அந்தப் பல்கலைக்கழகக் கோச்சுக்கு இந்த மாதக் கடைசிக்குள் ஆம், இல்லை என்று ஏதாவது ஒரு பதிலை நீயே எழுதிவிடு. நான் எழுதினால் நன்றாக இருக்காது. இதுவரை எந்தெந்தப் போட்டியில் எவ்வளவு பரிசுப் பணம் வாங்கினாய், எவ்வளவு செலவானது என்ற விவரத்தை அவர்கள் கட்டாயம் கேட்பார்கள், ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. அடுத்த இரண்டு வாரப் போட்டிகளிலும் சர்வைக் கோச் சொன்னபடியே போடு. எத்தனை டபுள் ஃபால்ட் வந்தாலும் பரவாயில்லை. பிறகு வீட்டுக்கு வா. வரும்போது நரம்பு அறுந்த இரண்டு ராக்கெட்டையும் கொண்டு வந்துவிடு, இங்கேயே மாற்றிக்கொள்ளலாம். அங்கே கேட்கிற கூலி அநியாயம்.

அன்புடன்,
அம்மா