குவாங்சோவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

குவாங்சோவில் உனக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்துவிட்டதாகச் சித்தி போனில் சொன்னார்கள். ரொம்ப சந்தோஷம். "பாடமெல்லாம் இங்கிலீஷில்தானாம், சீன மொழியைப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றும் சொன்னார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பாடம் இங்கிலீஷில் நடக்கும், சரி. நோயாளி இங்கிலீஷில் பேச மாட்டார். எச்.எஸ்.கே. என்கிற சீன மொழித் தேர்வில் நான்காம் நிலை தேறாவிட்டால் பட்டம் கிடைக்காது என்று பெய்ஜிங்கில் உள்ள இந்தியத் தூதரகம் 2022-லேயே மாணவர்களுக்கு அறிவுறுத்தியது. பழைய பாடத்திட்டப்படி அதற்கு 1200 சொற்கள். கடைசி நேரத்தில் மனப்பாடம் செய்து தேறிவிடலாம் என்று சீனியர்கள் சிலர் சொல்வார்கள். கேட்காதே. தேர்வில் தேறிவிடலாம்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து?" என்று கேட்டு, வருகிற பதிலைப் புரிந்துகொள்ள அந்த மனப்பாடம் உதவாது.

முதலில் வாயைப் பழக்கு. சீனத்தில் தொனி நான்கு, குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். அதே அளவுக்கு நம்மைச் சிரமப்படுத்துவது மூச்சு. வயிற்றுக்கும் முயலுக்கும் சீனத்தில் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'தூட்ஸ' என்றுதான் வரும். தொனியும் ஒன்றேதான். முயலைச் சொல்லும்போது 'தூ'வோடு மூச்சு வேகமாக வெளியே வரும், வயிற்றுக்கு வராது. ஒரு டிஷ்யூ தாளை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார். முயலுக்குத் தாள் படபடக்க வேண்டும், வயிற்றுக்கு அசையவே கூடாது. புத்தகத்தில் ரோமன் எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து வயிற்றை 'டூ' என்று ஆரம்பிக்காதே. நம் 'தூண்' என்பதில் வருகிற தூவே கிட்டத்தட்ட சரியாக இருக்கும்.

வாக்கிய அமைப்பில் சில இடங்கள் நமக்குச் சுலபம். 'நேற்று நான் வாங்கிய புத்தகம்' என்பதைச் சீனத்திலும் இதே வரிசையில் சொல்லலாம். எழுத்தைப் பார்த்தும் மிரளாதே. நோய், வலி, புற்றுநோய் என்ற எழுத்துகள் எல்லாவற்றையும் மேற்பக்கமும் இடப்பக்கமும் நோயைக் குறிக்கும் ஒரே குறியீடு சூழ்ந்திருக்கும். ஈரல், நுரையீரல், மூளை என்றால் இடப்பக்கத்தில் சதையைக் குறிக்கும் குறியீடு, பார்க்க நிலா எழுத்து மாதிரியே இருக்கும். ஆஸ்பத்திரிப் பலகைகளில் முதலில் இந்த இரண்டையும் தேடு.

அப்புறம், வகுப்பில் சொல்லித்தருவது புதோங்ஹுவா, அதாவது சீனாவின் பொது மொழியான மாண்டரின். ஆனால் குவாங்சோவின் வயசான உள்ளூர்க்காரர்கள் வீட்டில் பேசுவது கண்டோனீஸ் என்கிற அந்தப் பகுதிச் சீனம். நாளைக்கு உன் நோயாளிகளில் பலர் அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாஸ்டலில் தூங்காமல் ஒரு டீ விடுதிக்குப் போ. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை என்று முழுக் குடும்பமும் ஒரே வட்ட மேஜையில் உட்கார்ந்திருக்கும். முதல் டீயை ஊற்றிக் கிண்ணத்தையும் குச்சிகளையும் அலசுவார்கள், நீயும் அலசு. உன் கோப்பையை நிரப்புவதற்கு முன் பக்கத்தில் இருக்கும் பெரியவர் கோப்பையை நிரப்பு. உனக்கு யாராவது ஊற்றினால், விரல்களால் மேஜையை லேசாகத் தட்டு, அதுதான் நன்றி. டீ கெட்டிலின் மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் வெந்நீர் ஊற்ற ஆள் வருவார். பேச்சுக் கொடுத்தால், ஊர் எது, வயசு என்ன, அப்பாவுக்கு என்ன வேலை என்று எல்லாம் விசாரிப்பார்கள். கூச்சப்படாமல் பதில் சொல்லு, அதைவிட நல்ல பயிற்சி வகுப்பில் கிடைக்காது.

வார்டுக்குப் போகத் தொடங்கியதும் ஒன்றை மறக்காதே. புற்றுநோய் என்று தெரிந்தால், நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தார் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அங்கே சகஜம். நம் வீடுகளில் நடப்பதுதானே. உன் சீனம் நன்றாக இருப்பதைப் பார்த்து நோயாளி உன்னைத் தனியாகக் கூப்பிட்டு "எனக்கு என்னம்மா?" என்று கேட்கலாம். மூத்த டாக்டரைக் கேட்காமல் ஒரு வார்த்தையும் சொல்லிவிடாதே.

இந்த வாரமே வயிறும் முயலும் சொல்லி வாட்ஸ்அப்பில் பதிவு செய்து அனுப்பு. கேட்டுத் திருத்துகிறேன். பெட்டியில் ஒரு நல்ல ஃபிளாஸ்க் வைத்துக்கொள். ரயில் நிலையத்திலும் ஹாஸ்டலிலும் வெந்நீர்க் குழாய் இருக்கும், எல்லோரும் அதைத்தான் பிடித்துக் குடிப்பார்கள்.

அன்புடன்,
அக்கா