அத்தையை எங்களோடு விடுங்கள்: வீடு ஒதுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வடசென்னைக் காசிமேட்டில் எங்கள் பகுதிக்கு நீங்கள் ஒட்டிய வீட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, சென்னைக்குத் தெற்கே வெகுதூரத்திலுள்ள பெரும்பாக்கத்தில் வீடு. எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இங்கேயே. காரணம் கேட்டால், "தனி ரேஷன் அட்டை, தனிக் குடும்பம்" என்கிறீர்கள். முதியோர் உதவித்தொகைக்குத் தனி அட்டை வாங்கி வரச் சொன்னதும் ஓர் அரசு அலுவலகம்தான்.

நான் மீன் விற்பவள். விடியும் முன்பே ஏலத்தில் நிற்க வேண்டும். பிந்தினால் கழித்துப் போட்டதுதான் கிடைக்கும். கணவர் விசைப்படகில் போனால் திரும்ப நாளாகும். மகன் பால் மறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இருட்டில் அவன் விழித்து அழுதால் தூக்குவதும், பெரியவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவதும் அத்தைதான். பெரும்பாக்கத்திலிருந்து அந்த நேரத்துக்கு எந்தப் பஸ்ஸில் வருவார்? அவரை எங்களோடு விடுங்கள்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்களைக் கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானுடவியலாளர் தம் குழுவினருடன் ஆராய்ந்தார். தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்ததும், பால் மறந்த பிள்ளை தேறுவது பாட்டி எவ்வளவு நேரம் உணவு தேடுகிறாள் என்பதைப் பொறுத்திருந்தது. சிம்பன்சித் தாய் ஒரு குட்டியை ஆண்டுக்கணக்கில் தானே பால் கொடுத்து வளர்த்து, பிறகுதான் அடுத்ததை ஈனுகிறது. நாமோ முதல் பிள்ளைக்குத் தானாக இரை தேடத் தெரியாதபோதே அடுத்ததைப் பெறுகிறோம். பிறக்கும்போது நம் மூளை, வளர்ந்தவர் மூளையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளை ஒருத்தி தனியாக ஆளாக்க முடியாது. மாதவிடாய் நின்ற பிறகும் பெண்கள் பல்லாண்டு வாழ்வதற்கு ஹாக்ஸ் சொல்லும் காரணம், பேரப்பிள்ளைகளுக்கு அவர்களால் கிடைக்கும் சோறு. ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எங்கள் தெருவில் யாரும் விவாதிப்பதில்லை.

உங்கள் படிவத்திலோ குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் மட்டும் அத்தையையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். அனல் மின் நிலையத்துக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் வடசென்னையில் இடம் இருக்கிறது. ஒரு கிழவிக்கு இல்லையாம்!

கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருளுங்கள். எங்கள் கட்டடத்தில், எந்த மாடியானாலும் சரி, அத்தைக்கு இடம் தாருங்கள். அதுவும் முடியாதென்றால் எங்கள் வீட்டு ஒதுக்கீட்டிலேயே அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள், நெருக்கியடித்துப் படுத்துக்கொள்கிறோம். சாவி கொடுக்கும் முன் பட்டியலைத் திருத்த வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மீன் விற்கும் ஒரு மருமகள்,
காசிமேடு